மனிசிக்கு ஒரு சத்திக் குளிசை

பாமசியில் நிற்கிறவர்களுக்கு அடுத்தவரின் வயிற்றோடுதான் பொழுது விடியும். இருமல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வருவார், காய்ச்சல்காரர் போர்த்திக்கொண்டு வருவார். வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி, எடுத்தவர் மட்டும் எத்தனை தரம், என்ன நிறம் என்று முழு விபரத்தோடு வருவார். அதுவும் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதை நான் விளக்கத் தேவையில்லை.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கடை மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரில். ஊரை விட்டு விரட்டப்பட்டு இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்தவர்கள் முசலிப் பக்கத்துக்கும், முகாமில் இருந்தவர்கள் வெள்ளாங்குளம் பக்கத்துக்கும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ரோட்டு போடுகிறோம் என்று எல்லா இடமும் கிளறிக் கிரவல் கொட்டியிருந்தது. வீடு வந்ததோ இல்லையோ, பஸ் குலுக்கின குலுக்கில் எல்லாருக்கும் சத்தி வந்தது. நானும் முருங்கனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எனக்கும் வயிற்றைப் பிரட்டும். ஆனால் நான் அதற்குரிய குளிசை மாத்திரை எதுவும் போட முடியாது. போட்டால் நித்திரை மயக்கத்தில் பிரஷர்க்காரருக்குச் சீனி வருத்தக் குளிசையைக் கட்டிக் கொடுத்துவிடுவேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து இறங்கி, முகம் கழுவி, மற்றவர்களுக்குச் சத்திக் குளிசை விற்பேன்.

காதில் பிறக்கிற சத்தி

சிலாவத்துறைப் பக்கம் ஓடுகிற ஒரு பஸ்ஸின் கொண்டக்டர் டொம்பெரிடோன் குளிசை இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸைக் கழுவிக் கழுவிக் கை தேய்ந்துபோன மனிதர். ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துப் பார்ப்பதாகத் திட்டம். இரண்டு நாள் கழித்து வெறும் அட்டையோடு வந்து நின்றார். பஸ் வழமைபோலவே நாறியதாம். உங்கள் குளிசை போலி என்றார்.

குளிசை நல்லதுதான், இடம்தான் பிழை என்று விளக்கினேன். டொம்பெரிடோன் வயிற்றுக்குச் சொல்கிற மருந்து. உள்ளே கிடக்கிறதை மேலே அனுப்பாதே, கீழே தள்ளு என்று சொல்லும். பஸ் சத்தி வயிற்றில் பிறப்பதில்லை. காதுக்குள்ளே, உடம்பு ஆடுகிறதா நிற்கிறதா என்று பார்க்கிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஆடுகிறோம் என்று அது சொல்லும். முன் சீற்றின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிற கண், இல்லை, சும்மா இருக்கிறோம் என்று சொல்லும். இரண்டும் சண்டை பிடிக்க, தண்டனை வயிற்றுக்கு. ஆகவே காது அனுப்புகிற சேதியை மறிக்கிற புரோமெத்தசின் போல ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். கொண்டக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மிஸ், நான் பதினொரு வருஷம் பஸ்ஸில நிக்கிறன். ஒருத்தரும் காதால சத்தி எடுத்து நான் கண்டதில்லை.”

நல்ல புருஷன்மார்

அந்த நாட்களில்தான் நஸீர் நானா வரத் தொடங்கினார். முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, பேச்சில் அவசரம். கொண்டச்சிப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கிறார். இவரும், மச்சான் முறையான மஹ்றூப் என்பவரும், மஹ்றூபின் தம்பியும் சேர்ந்து மூன்று பேருக்கு ஒரு வள்ளம். அந்த வள்ளத்தில் தனக்கு ஓர் இடம் கிடைத்ததால்தான் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வெட்டிக்கொண்டு வந்ததாகவும், அது போனால் திரும்பவும் புத்தளம்தான் என்றும், நான் கேட்காமலே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டிலே மனிசிக்கு பஸ் ஒத்துக்கொள்வதில்லை, அதற்குக் குளிசை வேண்டும் என்றார். கொண்டக்டரின் பாடத்தோடு இருந்த நான் புரோமெத்தசினை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் முந்திப் போடச் சொன்னேன். நித்திரை வரும் என்பதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு நித்திரை வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கிழமைக்கு ஒரு தரம் வந்தார். அவர் மட்டுமில்லை, முசலிப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படி வந்தார்கள். எல்லாருக்கும் மனிசிக்குத்தான். ஒரு மனிசியும் கூட வந்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காசுப் பெட்டியில் இருக்கிற ஜெனிற்றாவுக்கு வேறு கவலை. அவளுக்குக் கலியாணமாகி நாலு வருடம். நஸீர் நானா படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “என்ர மனுசன் எனக்கு ஒரு நாளாவது ஒரு பனடோல் வாங்கித் தந்திருப்பாரோ, அக்கா.”

பஸ் வருகிற நேரம்

ஆடி அசைகிற பயணத்துக்குரிய குளிசையை, ஏறுவதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்திப் போட வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இதை எழுதி வைத்த மகான் எங்கள் பஸ் நிலையத்தைப் பார்த்ததில்லை. பஸ் எப்போது வரும் என்று தெரிந்தால்தானே, அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி எப்போது என்று தெரியும்?

மலைநாட்டிலிருந்து வந்து வெள்ளாங்குளம் பக்கத்தில் குடியேறிய ஓர் அம்மா, கூலிவேலை செய்கிறவர், என் கண்ணுக்கு முன்னாலேயே புரோமெத்தசினைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு எதிரே பஸ் நிலைய வாங்கில் போய் உட்கார்ந்தார். பின்னேரம் எட்டிப் பார்த்தேன். மனுசி பையைக் கட்டிப்பிடித்தபடி நல்ல நித்திரை. நான் போய் எழுப்பினேன். கண்ணைத் துடைத்து, இடம் வலம் பார்த்து, பக்கத்தில் கடலை விற்கிறவரிடம் விசாரித்தார். அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். யார் கேட்டாலும், இது நித்திரையாக்கும், கவனம் என்று சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். ஜெனிற்றாவோடு சேர்ந்து சிரித்ததோடு விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த அம்மா அவ்வளவு சாந்தமாகச் சொன்னார்: “குளுசை நல்ல குளுசைதாம்மா. சத்தியும் வரல. பஸ்ஸும் வரலன்னு நெனச்சேன், அது வந்துட்டுப் போயிருச்சாம்.”

கழுத்து

இது என் கெட்டித்தனத்தின் கதை. ஒன்றுதான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் தாயும் மாமனும் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைத் தாங்கிக்கொண்டு, சோடா இருக்கிறதா என்று கேட்டு உள்ளே வந்தார்கள். பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் முறுகிக் கிடந்தது. கண் மேலே செருகியிருந்தது. நாக்கு வெளியே தள்ளியது. டவுணில் பேயோட்டப் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கொண்டு போகிறார்களாம். இடம்பெயர்ந்தபோது பூட்டிக் கிடந்த வீட்டில் எதுவோ குடியிருந்து, பிள்ளை திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டது என்று மாமன் முடிவு கட்டியிருந்தார்.

காய்ச்சலும் சத்தியும் இருந்ததா, ஏதாவது குளிசை போட்டீர்களா என்று கேட்டேன். தாய் மடியிலிருந்து அட்டையை எடுத்தாள். மெட்டோகுளோப்ரமைட். சத்தி நிற்கவில்லை என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருக்கிறாள். மூளையில் சத்தியைக் கிளப்புகிற இடத்தை அடக்குகிற மருந்து அது. சில இளம் பிள்ளைகளுக்கு மூளையில் தசையை ஆட்டுவிக்கிற இடத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும். பேயுமில்லை பிசாசுமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ, இந்த அட்டையைக் காட்டுங்கோ என்று நானே ஓட்டோ மறித்து ஏற்றிவிட்டேன். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரே வந்துவிட்டதாம். மறுநாள் தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: “பேயில்லை எண்டு விளங்குது, மிஸ். ஆனா நூறு தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்ந்திட்டன், அதை இனி ஆரிட்டத் திருப்பிச் சொல்லுறது?”

கல்லில் இடித்தும் எழும்பாதவர்கள்

அந்தக் கிழமை முழுக்க நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, முக்காடு போட்ட ஒரு பெண் கடைக்குள் வந்து, ஆட்கள் குறையும்வரை ஒதுங்கி நின்றாள். நஸீரின் மனிசி ஹப்ஸா என்றாள். இப்போது பஸ்ஸில் பிரட்டுவது எப்படி என்று நான் சுகம் விசாரித்தேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். தனக்கு எந்த பஸ்ஸிலும் ஒன்றும் வருவதில்லை என்றாள். சத்தி நஸீருக்கு. பஸ்ஸில் இல்லை, கடலில்.

ஊரை விட்டுப் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது. தகப்பன் அந்தக் கரையில் பெயரெடுத்த கடலோடி. இருபது வருடம் புத்தளத்தில் துணிக்கடையில் துணி வெட்டிய பிறகு வள்ளத்தில் ஏறினால், கரை மறையுமுன்னே குடல் வெளியே வருகிறது. இன்னாரின் மகன் கடலில் சத்தி எடுத்தான் என்று ஊர் சொல்லக்கூடாது என்றுதான் மனிசியின் பெயரில் குளிசை. அதைப் போட்டபின் சத்தி நின்றது. போன சனி காலை வலையைப் போட்டுவிட்டு, விழித்திருக்க வேண்டிய முறை இவருடையது. நித்திரையாகிவிட்டார். வள்ளம் இழுபட்டுப் போய்க் கடலடிக் கற்பாரில் இடித்து, எஞ்சினின் காத்தாடி உடைந்தது. பக்கத்து வள்ளத்தார் வந்து தண்ணீர் அள்ளி ஊற்றித்தான் மூன்று பேரையும் எழுப்பினார்களாம். விழித்திருக்க வேண்டியவன் நித்திரை கொண்டான், அவனை விட்டு வேறு ஆளை ஏற்றப் போகிறேன் என்று மஹ்றூப் ஒற்றைக் காலில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு மீனவர் சங்கம் கூடித் தீர்க்கும்.

என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் இது நடந்திருக்காது. கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு, என்ன வேலைக்கு என்பது. நான் கேட்கவில்லை. ஹப்ஸா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “இருபது வருஷம் அகதி எண்டு பேரெடுத்தாச்சு, மிஸ்,” என்றாள். “என்ர பிள்ளையளுக்குத் திரும்பவும் அந்தப் பேர் வேண்டாம்.”

வாய் திறக்க முடியாத தொழில்

அவள் போன பிறகு ஜெனிற்றா ஒரு கேள்வி கேட்டாள். விழித்திருக்க வேண்டியவர் நித்திரை கொண்டது சரி. வெயிலில், வள்ளம் கல்லில் இடித்தும், மற்ற இரண்டு பேரும் ஏன் எழும்பவில்லை? மனிசிக்குக் குளிசை வாங்க வந்த மற்ற நல்ல புருஷன்மாரின் முகங்கள் ஞாபகம் வந்தன. ஒருவருக்குக் கன்னத்தில் தழும்பு. அவரைப் போலவே முகமுள்ள இளையவன் ஒருவன் எப்போதும் அவர் வந்து போய் ஒரு நாள் விட்டு வருவான். அவர்கள்தான் மஹ்றூபும் தம்பியும் என்றால், வள்ளத்தில் மூன்று பேரும் ஒரே குளிசை, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர்.

சொன்னால் நஸீரின் இடம் தப்பும். ஆனால் ஒருவர் வாங்கிய மருந்தை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கவுண்டரில் நிற்க எனக்கு முகம் இல்லை. இரண்டு நாள் ஜெனிற்றாவிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு எந்தக் குளிசையும் சரிவராது என்று எனக்குத் தெரியும். நான் புலம்பியதைக் கேட்டுக் களைத்துப்போய் ஜெனிற்றா சொன்னாள்: “கோயில்ல பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமிமாருக்காவது கதிரை குடுத்திருக்கு, அக்கா. நாங்கள் நிண்டுகொண்டெல்லே கேக்கிறம்.”

விலை கூடின குளிசை

புதன்கிழமை நஸீர் நானா வந்தார். கண் குழிந்திருந்தது. ஹப்ஸா வந்துபோனது அவருக்குத் தெரியும். முதலில் என் பிழையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, விலை கூடியது ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கூடிய விலை கூட வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. ஒண்டான்செட்ரோனைத்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினவர்களுக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் வருகிற சத்திக்கு நல்லது, கடல் ஆட்டுகிற ஆட்டத்துக்கு உதவாது என்றேன்.

சினரிசின் என்று ஒன்று இருக்கிறது, அதில் நித்திரை குறைவு, இல்லையென்றில்லை. டொக்டரிடம் உள்ளதைச் சொல்லி மருந்துத் துண்டு எழுதி வாங்குங்கோ. முதல் நாள் கரையில் இருக்கும்போது போட்டுப் பாருங்கோ. வள்ளத்தில் நடுவில் இருங்கோ, வலையைக் குனிந்து பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் தொடுகிற இடத்தைப் பாருங்கோ. விடாமல் போனால் சில நாளில் உடம்பு தானாகப் பழகும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. “குளிசையைத் தவிர மற்றதெல்லாம் வாப்பாவும் சொல்லுறவர், மிஸ்,” என்றார். “சத்தி எடுக்கிறவங்களுக்குத்தான் சொல்லுவார். நான் அப்ப எடுக்கேல்லை, எனக்குச் சொல்லேல்லை.”

தழும்புக்காரர்

வியாழக்கிழமை, கன்னத்தில் தழும்புள்ளவர் வந்தார். மனிசிக்கு அதே குளிசை என்றார். நான் அட்டையைக் கையில் எடுத்தேன், கொடுக்கவில்லை. “நானா, இதைப் போட்டா ஆள் அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரையாகும். பஸ்ஸில போறவைக்குக் குற்றமில்லை. எஞ்சின் பிடிக்கிறவை, கடலுக்குப் போறவை தொடக்கூடாது. நான் இதை முதலே சொல்லியிருக்கோணும். எல்லாருக்கும் சொல்லியிருக்கோணும்.”

பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவர் இன்னும் நின்றார். கவுண்டர்க் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, நஸீரும் இதைத்தான் போட்டவனா என்று கேட்டார். மற்ற ஆட்களின் மருந்தை நான் சொல்வதில்லை என்றேன். உங்கள் மருந்தையும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை என்றேன். அட்டையைக் கண்ணாடியின் மேல் வைத்தேன், அவர் எடுக்கவில்லை. திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார்: “கல்லில இடிச்சது எனக்கும்தானே கேக்கேல்லை.”

மூன்று துண்டு

வெள்ளிக்கிழமை என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஜும்மா முடிகிற நேரத்தில் ஒருவருக்குப் பிழையாக எண்ணிக் கொடுத்து, ஜெனிற்றா பின்னால் ஓடிப்போய் வாங்கி வந்தாள். சனி ஒரு செய்தியும் இல்லை. கொண்டச்சிப் பக்கத்து ஆள் யார் வந்தாலும் விசாரிக்க நா எழுந்தது. விசாரிக்கவும் உரிமையில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் சேர்ந்து படியேறினார்கள். முன்னால் தழும்புக்கார மஹ்றூப் நானா, பின்னால் நஸீர் நானா, கடைசியாகத் தம்பி, நிலத்தைப் பார்த்தபடி. சங்கத்தில் மஹ்றூப் எழும்பி, பிழை மூன்று பேரிலும்தான், வள்ளத்தில் ஆள் மாற்றமில்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாராம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். டொக்டர் எழுதிய மூன்று துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்தார். மூன்றிலும் சினரிசின். முதல் தரம் மூன்று பேரும் ஒரே நாளில் போடக்கூடாது, ஒருவராவது முழித்திருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். நஸீர் நானா தலையாட்டினார். நான் மூன்று உறை எடுத்து எண்ணத் தொடங்க, மஹ்றூப் நானா கையை நீட்டி மறித்தார். “ஒண்டாப் போடுங்கோ, மிஸ்,” என்றார். “ஒருத்தனுக்கு ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்கினது போதும்.”

வயிற்றுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று சத்திக்கு எத்தனையோ குளிசை எங்கள் அலுமாரியில் இருக்கிறது, உண்மையை வெளியே எடுக்க வைக்கிற குளிசை ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை, அதுவரைக்கும் நாங்கள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் போல.